குளத்துக்குப் போகும் முன் கணக்குக் கேட்டவர்

சில வருடங்களுக்கு முன்பு, வட மாவட்டம் ஒன்றில் சேரி இளைஞர்களோடு சேர்ந்து ஒரு தகவல் உரிமை மனு போட்டோம். மயானப் பாதைக்கு நிதி ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள், பாதையைக் காணோம், அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. முப்பது நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. மேல்முறையீடு செய்தோம். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது. இறந்துபோன ஒரு பெரியவரை வயல் வரப்பில் முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான். "அக்கா, இப்படி காகிதம் எழுதி எழுதி என்ன ஆகப் போகுது? அம்பேத்கர் மனு போட்டுக்கிட்டா இருந்தாரு? நேரா குளத்துல இறங்கி தண்ணி எடுத்தாரு இல்ல?"

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால்: அம்பேத்கர் குளத்தில் இறங்கினார், உண்மைதான். ஆனால் இறங்குவதற்கு 24 நாள் முன்பு அவர் ஒரு சட்டசபையில் எழுந்து நின்று பட்ஜெட்டைப் பிரித்து மேய்ந்தார். எட்டு நாள் முன்பு கல்விச் செலவுக்குக் கணக்குக் கேட்டார். குளத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். அந்தக் கணக்கைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கேள்வி கேட்கும் உரிமை எப்படி வந்தது

இன்றைக்குச் சட்டமன்றத்தில் கேள்வி நேரம் என்பது சாதாரணம். ஆனால் இந்த உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. 1861 சட்டத்தின்படி அமைந்த மாகாண சபைகளில் உறுப்பினர் அரசைக் கேள்வியே கேட்க முடியாது. அரசு கொண்டுவரும் சட்டத்துக்குத் தலையாட்டலாம், அவ்வளவுதான். 1892இல் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம், பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் வாக்களிக்க முடியாது. 1909இல் துணைக் கேள்வி கேட்கவும் தீர்மானம் கொண்டுவரவும் வழி பிறந்தது. 1919 சட்டம் வந்த பிறகுதான் மானியக் கோரிக்கைகள் மீது உறுப்பினர்கள் வாக்களிக்கும் நிலை உருவானது.

அதுவும் அரைகுறைதான். இரட்டை ஆட்சி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, கலால் போன்றவை இந்திய அமைச்சர்களிடம் இருந்தன. நிதி, நிலவரி, போலீஸ் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. அதாவது, பள்ளிக்கூடம் நடத்த வேண்டியவர் கையில் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. சபை வெட்டிய மானியத்தைக்கூட, ஒதுக்கப்பட்ட துறைகளில் ஆளுநர் தன் அதிகாரத்தால் மீண்டும் சேர்த்துவிடலாம்.

இந்தச் சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தையும் வரியையும் வைத்துத் தரப்பட்டது. சொத்தில்லாத நம் மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. அதனால் தேர்தல் வழியாக நம்மவர் உள்ளே போக வழி இல்லை. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சி சொன்னபோதே இதை அம்பேத்கர் எடுத்துவைத்தார். கடைசியில் கிடைத்தது ஆளுநரின் நியமனம் மட்டும்தான். 1926 இறுதியில் பம்பாய் சட்டசபைக்கு அவர் நியமன உறுப்பினராக ஆனார். டாக்டர் பி. ஜி. சோலங்கியும் அப்படியே உள்ளே இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அமர்ந்த சபையில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய குரல்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நியமனம் செய்யப்பட்டவர் நன்றியோடு இருப்பார் என்றுதான் எந்த அரசும் எதிர்பார்க்கும். அம்பேத்கர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த முதல் பெரிய காரியம், நியமித்த அரசின் வரவு செலவைக் கேள்வி கேட்டது.

பட்ஜெட் படிக்கத் தெரிந்தவர்

அது தற்செயலாக நடந்ததல்ல. அன்றைய இந்தியாவில் அரசு நிதி என்ற துறையை அவர் அளவுக்குப் படித்தவர்கள் மிகச் சிலரே. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைக்காக அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி. முனைவர் பட்ட ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. 1925இல் அது புத்தகமாக வந்தது. அவருடைய ஆசிரியர் செலிக்மன் முன்னுரை எழுதினார். அதற்கு முன்பே, 1923இல், ரூபாயின் பிரச்சினை பற்றிய லண்டன் ஆய்வும் வெளிவந்திருந்தது.

மாகாண நிதி பற்றிய அந்த ஆய்வில் அவர் செய்த வேலை என்ன? 1833இல் எல்லாப் பணமும் மத்திய அரசின் கைக்குப் போனதில் தொடங்கி, 1871க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாகாணங்களுக்கு எப்படிப் பிரித்துத் தரப்பட்டது என்று படிப்படியாகக் காட்டினார். முதலில் மொத்தமாக ஒரு தொகை, பிறகு சில வரிகள், பிறகு பங்கு வரிகள். யார் வசூலிக்கிறார், யார் செலவழிக்கிறார், யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே அவருக்கு ஆட்சி முறையைப் புரிந்துகொள்ளும் வழி. சமூகவியல் வகுப்பில் அவரைச் சாதி பற்றி எழுதியவராக மட்டும் நமக்கு அறிமுகம் செய்கிறார்கள். சாதியையும் கருவூலத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

1927 பிப்ரவரி 24 அன்று, பட்ஜெட் மீதான விவாதத்தில் அவர் பேசினார். வரி யார் தலையில் விழுகிறது என்பதிலிருந்து தொடங்கினார். நிலவரியை எடுத்துக்கொண்டார். காணி நிலம் வைத்திருக்கும் ஏழை விவசாயி விளைந்தாலும் விளையாவிட்டாலும் வரி கட்ட வேண்டும். வருமான வரியில் அப்படி இல்லை. அந்த வருடம் வருமானம் இல்லாதவரிடம் யாரும் வரி கேட்பதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவருக்கும் விலக்கு உண்டு. பட்டணத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இருக்கும் இந்த நியாயம் கிராமத்தில் ஏர் பிடிப்பவனுக்கு ஏன் இல்லை என்பதுதான் அவருடைய கேள்வி.

இதில் மகர்களைப் பற்றியோ தீண்டாமையைப் பற்றியோ மட்டும் அவர் பேசவில்லை. தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதி தாழ்த்தப்பட்டோர் நலத்தைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒரு மூலையை நமக்கு எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் தனித்தொகுதி உறுப்பினர் நிதி மசோதா பற்றிப் பேசினால் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். முதல் பேச்சிலேயே அந்த மூலையை விட்டு வெளியே வந்தார் அவர்.

பதினாலு அணாவும் இரண்டு ரூபாயும்

அடுத்து வந்த மார்ச் 12ஆம் தேதிப் பேச்சை ஒவ்வொரு மாணவரும் தேடிப் படிக்க வேண்டும். கல்வி மானியம் மீதான விவாதம் அது.

அரசின் புள்ளிவிவரங்களையே எடுத்து அரசின் முன்னால் வைத்தார். இந்த மாகாணத்தில் கல்விக்கு ஒரு ஆளுக்கு நாம் செலவழிப்பது 14 அணா. கலால் வரியாக, அதாவது சாராயத்தின் மூலமாக, ஒரு ஆளிடமிருந்து எடுப்பதோ இரண்டு ரூபாய்க்கும் மேல். ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். குடிக்க வைத்து எடுக்கும் பணத்தில் பாதிகூடப் படிக்க வைக்கப் போகவில்லை. மக்களிடம் கலாலில் எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவையாவது அவர்கள் கல்விக்குச் செலவழியுங்கள், அதுதான் நியாயம் என்றார். டாஸ்மாக் கடை இருக்கும் மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த ஒப்பீட்டை விளக்க வேண்டியதில்லை.

பிறகு வேகத்தைக் கணக்கிட்டார். பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குள் வர வேண்டுமானால், அப்போதைய வேகத்தில் போனால் ஆண் பிள்ளைகளுக்கு 40 வருடம் ஆகும். பெண் பிள்ளைகளுக்கு 300 வருடம் ஆகும். அடுத்து, சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்புவரை வருபவர்கள் 18 பேர். மீதி 82 பேர் மறுபடியும் எழுத்தறியாதவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். ஆகவே அரசு செலவழித்த பணத்தின் பெரும்பகுதி பலன் தராமலே போகிறது. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று மட்டும் கேட்டு அவர் நிறுத்தவில்லை. அந்தச் செலவால் என்ன நடந்தது என்றும் கேட்டார். இன்றைக்கு விளைவு அடிப்படையிலான பட்ஜெட் என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்களே, அது இந்தக் கேள்விதான்.

அடுத்த கேள்விதான் சபையில் பலரைச் சங்கடப்படுத்தியிருக்கும். அந்தப் பணம் யாருக்குப் போகிறது? அரசு மக்களை நான்கு பிரிவாகப் பிரித்து வைத்திருந்தது: முன்னேறிய இந்துக்கள், இடைநிலை வகுப்பினர், முஸ்லிம்கள், பின்தங்கிய வகுப்பினர். இந்தக் கடைசிப் பிரிவில்தான் தாழ்த்தப்பட்டோரும் மலைவாழ் மக்களும் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். தொடக்கக் கல்வியில், ஆயிரம் பேருக்கு முன்னேறிய இந்துக்களில் 119 மாணவர்கள். முஸ்லிம்களில் 92. இடைநிலை வகுப்பில் 38. பின்தங்கியோரில் 18. மேலே போகப் போக இந்த இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது. கல்லூரியில் நம்மவர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மக்கள்தொகையில் நான்காவது இடத்தில் இருப்பவர் கல்வியில் முதல் இடம். மக்கள்தொகையில் இரண்டாவது இடத்தில் இருப்பவர் கல்வியில் கடைசி இடம்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொதுக் கல்வி என்ற தலைப்பில் ஒரு தொகை பட்ஜெட்டில் இருக்கும். அது எல்லோருக்கும் பொதுவான பணம்போலத் தெரியும். சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அது யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியும். மொத்தத் தொகையைச் சொல்வது வெளிப்படைத்தன்மை ஆகாது, பிரித்துக் காட்ட வேண்டும் என்பதை 1927இலேயே அவர் நிறுவிவிட்டார். சாதிவாரிக் கணக்கெடுப்பு ஏன் வேண்டும் என்று நண்பர்கள் கேட்டால் இந்தப் பேச்சைக் காட்டுங்கள்.

செலவழிக்கும் முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று சில்லறையாகக் கொடுப்பது வீண் என்றார். அந்தப் பணத்தில் விடுதி நடத்துங்கள் என்றார். குடிசையில் விளக்கில்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைக்குக் கையில் கொடுக்கும் காசு குடும்பச் செலவில் கரைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள்? நானும் அப்படித்தான். அந்த விடுதியின் சாப்பாட்டைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் விடுதி என்ற ஒன்று வேண்டும் என்று ஒருவர் சபையில் நின்று வாதாடியிருக்கிறார்.

அதே மாதம், அந்தக் குளம்

மார்ச் 12இல் இந்தப் பேச்சு. மார்ச் 19, 20 தேதிகளில் கொலாபா மாவட்டத்தில் மகத் மாநாடு. இரண்டையும் வேறு வேறு கதையாகச் சொல்வது நம் வழக்கம். ஒரே கதைதான்.

சவுதார் குளத்தின் கதை 1923 ஆகஸ்டில், இதே பம்பாய் சட்டசபையில் தொடங்குகிறது. எஸ். கே. போலே என்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவர் தீண்டப்படாத சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல, பண்டாரி சமூகத்தவர். பொதுப் பணத்தில் கட்டப்பட்ட, பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தர்மசாலைகள், பள்ளிகள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகள் எல்லாவற்றையும் தீண்டப்படாதார் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது தீர்மானம். அது நிறைவேறியது. செப்டம்பரில் அரசு எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு அனுப்பியது. 1924 ஜனவரியில் மகத் நகராட்சி, குளத்தைத் திறந்துவிட்டதாகத் தானும் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் யாருக்கும் கிடைக்கவில்லை.

தீர்மானத்தின் சொற்களை மறுபடி பாருங்கள். தர்மத்தின் பெயரிலோ இரக்கத்தின் பெயரிலோ அது பேசவில்லை. பொதுப் பணம் என்று பேசியது. வரிப்பணத்தில் கட்டிய கிணறு வரி கட்டுபவன் எல்லோருக்கும் சொந்தம். 1926 ஆகஸ்டில் போலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்த உத்தரவை மதிக்காத நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி வாரியங்களுக்கும் அரசு மானியம் தரக்கூடாது என்றது அது. சாதியைக் கருவூலத்தின் வாசலில் நிறுத்தும் முயற்சி.

மகத் மாநாட்டின் ஒரு சின்னச் செய்தி என்னை எப்போதும் உறுத்தும். மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க, சாதி இந்துக்களிடமிருந்து 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். நகராட்சிக் குளம் இருக்கும் ஊரில், தங்கள் வரியும் சேர்ந்து பராமரிக்கப்படும் குளம் பக்கத்தில் இருக்க, காசு கொடுத்துத் தண்ணீர். மறுநாள், மார்ச் 20, அம்பேத்கரும் தோழர்களும் ஊர்வலமாகப் போய்க் குளத்து நீரைக் குடித்தார்கள். அதன்பின் நடந்த தாக்குதல் நமக்குத் தெரியும். 108 குடம் தண்ணீரில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தைச் 'சுத்தம்' செய்ததும் தெரியும். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. டிசம்பரில் சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பத்து வருடம் ஓடியது அந்த வழக்கு. குளம் நகராட்சியுடையதா தனியாருடையதா, வழக்கம் என்று ஒன்று உண்டா என்று வாதம் நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தம்பியின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் இருக்கிறது. காகிதம் மட்டும் இருந்திருந்தால் குளம் காகிதத்திலேயே திறந்து கிடந்திருக்கும். 1924 முதல் 1927 வரை அப்படித்தான் கிடந்தது. ஆனால் காகிதம் இல்லாமல் இறங்கியிருந்தால், அத்துமீறியவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். சபையின் தீர்மானமும் நகராட்சியின் தீர்மானமும் கையில் இருந்ததால், குளத்தில் இறங்கியவர்கள் சட்டத்தை நிறைவேற்றியவர்களாக நின்றார்கள். தடியோடு வந்தவர்கள்தான் சட்டத்தை மீறினார்கள்.

சென்னையிலும் இதுதான் நடந்தது. 1923இல் சட்டசபைக்குள் வந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றையும் பொது இடங்களையும் பயன்படுத்தவும் ஒடுக்கப்பட்டோருக்கு எந்தத் தடையும் கூடாது என்பது அது. அதை ஏற்று அரசாணை வந்தது. அவருக்கு முன்பே 1920இல் எம். சி. ராஜா உள்ளே போயிருந்தார். பம்பாயில் போலே, சென்னையில் சீனிவாசன். ஒரு வருட இடைவெளியில் இரண்டு சபைகளும் ஒரே வாதத்தைக் கேட்டன: பொதுப் பணம் போன இடத்தில் சாதிக்கு என்ன வேலை?

கணக்கில் வராத உழைப்பு

பட்ஜெட்டில் எழுதியிருப்பதை வைத்துக் கேள்வி கேட்பது ஒரு திறமை. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிது. 1928 மார்ச் 19 அன்று அம்பேத்கர் கொண்டுவந்த மகர் வதன் மசோதா அந்த வகை.

மகர்கள் பரம்பரைக் கிராம ஊழியர்கள். அரசாங்கத் தபாலைக் கொண்டுபோவது, வரி கட்டச் சொல்லி ஆள் கூப்பிடுவது, அதிகாரி வந்தால் கூடவே ஓடுவது, போலீசுக்கு உதவுவது என்று எந்தத் துறை கூப்பிட்டாலும் போக வேண்டும். இரவு பகல் கிடையாது. ஆள் இல்லாவிட்டால் வீட்டில் வேறு யாராவது போக வேண்டும். கூலி? கொஞ்சம் இனாம் நிலம், தலைமுறை தலைமுறையாகத் துண்டு துண்டாகிப் போனது. அதோடு ஊரார் களத்தில் அளந்து போடும் தானியம், பலுதா. மனசு இருந்தால் போடுவார்கள். மகர் சுயமரியாதையோடு நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்கள்.

நம் ஊர்த் தோட்டியையும் வெட்டியானையும் நினைத்துப் பாருங்கள். ஊர்ச்சோறு வாங்கித் தின்ற பாட்டன்களின் கதை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

அம்பேத்கர் இதைப் பழக்கவழக்கம் என்று பார்க்கவில்லை. அரசாங்கத்துக்குச் செய்யும் வேலைக்கு அரசாங்கம் கருவூலத்திலிருந்து சம்பளம் தராமல், அதை ஊரார் தலையில் கட்டிவிட்டது என்று பார்த்தார். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதாகப் பட்ஜெட் காட்டுகிறது என்றால், அந்தக் குறைவு மகர்களின் முதுகிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் முன்வைத்த வழி எளியது: பலுதாவைப் பணமாக மாற்றி அரசே வசூலித்துச் சம்பளமாகக் கொடுக்கட்டும். இனாம் நிலத்துக்கு முழு வரி கட்டத் தயாராக இருப்பவரை ஊழியத்திலிருந்து விடுவிக்கட்டும்.

அரசு எதிர்த்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி விவாதத்தில், இது நடக்காவிட்டால் மகர்களைப் பொது வேலைநிறுத்தத்துக்குத் திரட்டுவேன் என்று சபையிலேயே சொன்னார் அம்பேத்கர். மசோதா தெரிவுக் குழுவுக்குப் போனது. 1929 ஜூலையில் அவரே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்த வதன்கள் சட்டப்படி ஒழிய 1950களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

தோற்ற மசோதா என்று இதை ஒதுக்காதீர்கள். இன்று தூய்மைப் பணியாளர்களை ஒப்பந்தத்தில் விட்டுச் செலவைக் குறைத்துவிட்டோம் என்று ஒரு உள்ளாட்சி பெருமைப்படும்போது, அந்த மிச்சம் யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கேட்கும் முறையை அவர் 1928இல் சொல்லித் தந்திருக்கிறார்.

நம் கையில் இருக்கும் 789

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கேள்விகள் வேறு வடிவம் எடுத்தன. 1970களின் இறுதியில், பி. எஸ். கிருஷ்ணன் என்ற அதிகாரியின் முயற்சியில் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. திட்டச் செலவில் பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கை அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும், அந்தப் பணத்தை வேறெதற்கும் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு அது பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் ஆனது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு.

நடந்தது என்ன? 2010இல் டெல்லியில், தலித் அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் ஒன்றை வெளியே கொண்டுவந்தன. நமக்கான அந்த நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி வேலைகளுக்குத் திருப்பப்பட்டிருந்தது. நாடாளுமன்றத்தில் அரசே அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதை வெளியே கொண்டுவந்ததும் ஒரு காகிதம்தான். நம்முடையதைப் போன்ற ஒரு மனுதான்.

இந்த நிதிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று நீண்ட காலமாகப் போராடினோம். 2013இல் ஆந்திராவும் கர்நாடகமும் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல் இயற்றியது. சட்டம் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு 1924 முதல் 1927 வரை மகத் குளம் இருந்த நிலையை ஞாபகப்படுத்த விரும்புகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் பட்ஜெட் ஆவணங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஏதாவது ஒரு துறையின் மானியக் கோரிக்கையைத் திறந்து 789 என்ற எண்ணைத் தேடுங்கள். அரசுக் கணக்கில் பட்டியல் சாதியினருக்கான பங்கு அந்தச் சிறுதலைப்பின் கீழ்தான் வரும். பழங்குடியினருக்கு 796. அந்த வரியில் மூன்று தொகைகளைப் பாருங்கள்: பட்ஜெட்டில் போட்டது, திருத்திய மதிப்பீட்டில் குறைத்தது, கடைசியில் உண்மையாகச் செலவானது. முதல் தொகையைத்தான் மேடையில் பேசுவார்கள். மூன்றாவது தொகை இரண்டு வருடம் கழித்து, யாரும் பார்க்காத ஒரு பக்கத்தில் வரும். பிறகு அந்தப் பணம் எதற்குப் போனது என்று பாருங்கள். ஊருக்கும் சேரிக்கும் பொதுவான ஒரு பாலத்தில் ஐந்தில் ஒரு பங்கை நம் கணக்கில் எழுதியிருக்கிறார்களா? அந்தப் பாலத்தால் சேரிக்குத் தனியாக என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். தனித்தொகுதியாக இருந்தால் கட்டாயம் கொடுங்கள். கிராம சபையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தகவல் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அந்தத் தம்பிக்கு இப்போது என் பதில் இதுதான். அம்பேத்கர் மனுவும் போட்டார், குளத்திலும் இறங்கினார். ஒன்று செய்தால் இன்னொன்று வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. 1927 பிப்ரவரி 24இலிருந்து மார்ச் 20வரை உள்ள அந்த 24 நாளை ஒன்றாக வைத்துப் படி. கணக்குப் புத்தகத்தைப் பிரிக்கத் தெரிந்த கைதான் குளத்துத் தண்ணீரையும் அள்ளியது.

மயானப் பாதை பற்றிய மேல்முறையீட்டில் மூன்று வருடம் கழித்துக் கோப்பின் நகல் கிடைத்தது. பாதையின் நீளம், போட்ட ஜல்லியின் அளவு, பில் தொகை எல்லாம் அதில் துல்லியமாக இருந்தது. பாதை மட்டும் தரையில் இல்லை. அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊர் இளைஞர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து பேசியபோது, முதல் வரிசையில் இருந்து பில் தொகையை வாசித்துக் காட்டியவன் அதே தம்பிதான்.

ஜெய் பீம்.